பேரலை விற்றவர் யார்?

"குடிச்சுட்டுச் செத்தவனுக்கு எதுக்குப்பா பத்து லட்சம்? அது நம்ம வரிப்பணம் இல்லையா?"

இந்தக் கேள்வியைத் தேநீர்க் கடையில் கேட்டிருக்கிறேன், பேருந்தில் கேட்டிருக்கிறேன். சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற என் உறவினர் ஒருவர், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே அதையே மறுபடியும் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் தலையாட்டியபோதுதான், இனி இந்த விஷயத்தைப் பற்றி எழுதாமல் இருப்பது தகாது என்று தீர்மானித்தேன். அவர் கெட்டவர் அல்லர். தெருவில் யாராவது மயங்கி விழுந்தால் முதலில் ஓடிப்போய்த் தூக்குகிறவர் அவர்தான். அப்படிப்பட்ட மனிதருடைய உள்ளத்தில்கூட எக்கியார்குப்பத்து மரணங்களைப் பற்றி இந்தக் கணக்குத்தான் இருக்கிறதென்றால், குற்றம் அவருடைய இதயத்தில் இல்லை. நாம் எல்லோரும் கேள்வியைத் தப்பான ஆளிடம் கேட்கப் பழகிவிட்டோம் என்பதில் இருக்கிறது.

பந்தியில் வாதம் செய்வது மரியாதை ஆகாது. இங்கே தடையில்லை. ஆகையால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைக் கவனிக்காமல் தாண்ட முடியாது. சாலையோரமாக, கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளங்கள். கோடையில் பாத்திகளில் நீர் வற்றி உப்புப் பூக்கும்போது அந்த வெண்மையைக் கண்கொண்டு பார்க்க இயலாது. வாரிக் குவித்த உப்பை ஓலையால் மூடி வைத்திருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஆண்களும் பெண்களும் விடியற்காலையிலேயே அளத்தில் இறங்கிவிடுவார்கள். அந்த அளங்களுக்கு அருகே, கடலை ஒட்டிய மீனவர் ஊர்களில் ஒன்றுதான் எக்கியார்குப்பம். கடலில் உழைப்பவர்களும் கூலிக்குப் போகிறவர்களும் வாழும், வெளியூர்க்காரர்கள் பெயர்கூட அறியாத ஒரு சின்னக் குப்பம். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் தமிழ்நாடு முழுவதும் அதன் பெயர் தெரிந்தது. தெரிந்திருக்கவே வேண்டாம்.

மே 13, சனிக்கிழமை. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை நிலவும் காலம் அது. அந்த ஊரில் விற்ற சாராயத்தைக் குடித்தவர்கள் அன்றிரவும் மறுநாளுமாக வாந்தியும் வயிற்றுவலியும் கண்பார்வை மங்கலுமாக ஒருவர்பின் ஒருவராகச் சாயத் தொடங்கினார்கள். மரக்காணம், புதுச்சேரி, முண்டியம்பாக்கம் என்று மருத்துவமனைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும், மரக்காணம் பகுதியில் மட்டும் 14 பேர் இறந்துபோனார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த பெருக்கரணை, பேரம்பாக்கம் ஊர்களிலும் சாவு விழுந்தது. இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து இறந்தவர்கள் 20 பேருக்கும் அதிகம். அவர்களில் பெண்களும் உண்டு. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 15-ஆம் தேதி முண்டியம்பாக்கத்துக்கு வந்து சிகிச்சை பெறுவோரைப் பார்த்தார். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயும், சிகிச்சையில் இருப்போருக்கு 50 ஆயிரமும் அறிவிக்கப்பட்டன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். இதற்கு அடுத்தபடியாகக் காவல்துறை சொன்ன ஒரு விவரத்தைத்தான் என் உறவினரைப் போன்றவர்கள் மறந்துவிட்டார்கள். அந்த மக்கள் குடித்தது ஊருக்குள் ஊறல் போட்டுக் காய்ச்சிய சாராயம் அன்று. ஆலைகளில் பயன்படும் மெத்தனால். இரண்டு மாவட்டங்களுக்கும் அது ஒரே மூலத்திலிருந்து வந்தது என்றும், சென்னையை அடுத்த வானகரத்தில் உள்ள ஒரு ரசாயன ஆலைதான் அந்த மூலம் என்றும் காவல்துறை அறிவித்து, ஆலையின் உரிமையாளரையும் கைது செய்தது. (யார் குற்றவாளி என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் காரியம், அதில் நான் தலையிடவில்லை. சரக்கு வந்த வழியை மட்டும் பாருங்கள்.)

வழியைப் பார்த்தீர்களா? ஒரு தொழிற்சாலை. ஒரு வியாபாரி. பேரல்கள். வண்டி. இன்னொரு கை, அதற்கும் கீழே இன்னொரு கை. கடைசியில், கடற்கரையில் ஒரு கூலித் தொழிலாளியின் கை. இத்தனை கைகளில் கடைசிக் கை ஒன்றுக்குத்தான் தான் தொட்டிருப்பது இன்னதென்று தெரியாது. நம்முடைய கேள்வியோ நேராக அந்தக் கடைசிக் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏன் குடித்தாய்?" என்கிறது.

மெத்தனால் எப்படிப்பட்ட வஸ்து என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். வர்ணம், பிசின், ஃபார்மால்டிஹைட் முதலியவை செய்வதற்கு அது அத்தியாவசியம். அது இல்லாமல் எத்தனையோ தொழில்கள் நடக்கா. நிறமில்லாத திரவம், வாசனையிலும் சுவையிலும், குடிக்கும் சாராயத்திலுள்ள எத்தனாலிலிருந்து அதைப் பிரித்தறிவது சாமானியருக்கு முடியாது. போதையும் தரும். ஆனால் உடலுக்குள் போனதும், ஈரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பின்பு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது; அந்த அமிலம் ரத்தத்தில் சேரச் சேரக் கண் நரம்பு கருகி, மூச்சு வாங்கி, நினைவு தப்பிப் பிராணன் போகிறது. பத்து மில்லிலிட்டர் கண்ணைப் பறிக்கப் போதும். முப்பது மில்லிலிட்டர் உயிரையே வாங்கக்கூடும். எல்லாவற்றையும்விடக் கொடுமை எதுவென்றால், குடித்தவுடன் ஒன்றும் தெரியாது என்பதுதான். அரைநாள், சில சமயம் ஒரு நாள் முழுதும் கழித்துத்தான் விஷம் தன் வேலையைக் காட்டும். ஆகவே பக்கத்தில் ஒருவர் குடித்து நன்றாக எழுந்து போனதைப் பார்த்து அடுத்தவர் வாங்குவதிலும் ஆச்சரியம் இல்லை.

"பார்த்து வாங்க வேண்டியதுதானே" என்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான். எதைப் பார்ப்பது? கண்ணால் பார்த்தாலும், முகர்ந்தாலும், நாக்கில் வைத்தாலும் தெரியாத ஒன்றை வாங்குகிறவன் எந்தச் சாமர்த்தியத்தால் கண்டுபிடிப்பான்?

வாங்குகிறவன் அறிய முடியாததை விற்கிறவன் அறிந்திருக்க வேண்டும் என்பது நேற்றைக்கு முளைத்த கொள்கை அன்று. 1928-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில், ஒரு சிற்றுண்டிச்சாலைக்குத் தோழியுடன் போன ஓர் ஏழைப் பெண்மணி இஞ்சி பானம் அருந்தினார். பாட்டிலின் மிச்சத்தை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று அதிலிருந்து விழுந்ததாகவும், அதனால் நோயுற்றதாகவும் சொல்லி, பானத்தைத் தயாரித்தவர்மீது வழக்குத் தொடர்ந்தார். அவர் காசு கொடுத்து வாங்கவில்லை, தோழிதான் வாங்கிக்கொடுத்தார். எனவே தயாரித்தவருக்கும் அவருக்கும் ஒப்பந்தமே கிடையாதே, எந்த உரிமையில் கேட்கிறார் என்பது எதிர்வாதம். 1932-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை, தான் செய்த பொருள் யாருடைய உடலுக்குள் போகும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடுமோ அவர்களுக்கெல்லாம் தயாரிப்பாளன் கடமைப்பட்டவன் என்று தீர்ப்பளித்தது. உலகமெங்கும் சட்டக் கல்லூரிகளில் முதலில் கற்பிக்கும் வழக்குகளில் இது ஒன்று. இதில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது அந்தப் பாட்டிலின் நிறந்தான். அது உள்ளே இருப்பது வெளியே தெரியாத கருநிறக் கண்ணாடி. வாங்குகிறவருக்கும் குடிக்கிறவருக்கும் சோதித்துப் பார்க்க வழியில்லாதபடி மூடி அனுப்பியவன் தயாரிப்பாளன். எனவே பொறுப்பும் அவனுடையது.

நம் தேசத்துச் சட்டமும் அதே பாதையில்தான் வந்திருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விற்ற பொருள் குறித்த காரியத்துக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பதைச் சில சந்தர்ப்பங்களில் சொல்லாத நிபந்தனையாகவே வைத்தது. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினமாயிற்று. அதன் இடத்தில் 2019-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான சரக்குகளின் விற்பனையிலிருந்து பாதுகாக்கப்படுவதை நுகர்வோரின் உரிமைகளுள் முதலாவதாக அச்சட்டம் எண்ணுகிறது. அதன் 90-ஆவது பிரிவை ஒவ்வொரு வியாபாரியும் கடையில் எழுதி மாட்டிக்கொள்ளலாம்: பொருளை ஆபத்தானதாக்கும் கலப்படம் சேர்ந்த சரக்கைத் தயாரித்தாலும், சேமித்தாலும், விற்றாலும், விநியோகித்தாலும் குற்றம், அதனால் ஒரு நுகர்வோர் இறந்துபோனால் 7 ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆயுள் வரை சிறை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். தயாரித்தவர் என்று மட்டும் அது சொல்லவில்லை, கவனியுங்கள். சேமித்தவர், விற்றவர், விநியோகித்தவர். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அது எண்ணி எண்ணிக் குறிப்பிடுகிறது.

இந்தச் சங்கிலியின் சுபாவத்தை நான் என் வீட்டு வாசலிலேயே கண்டிருக்கிறேன். (சின்ன விஷயந்தான், உயிர்ச்சேதத்தோடு ஒப்பிடத் தகுந்ததன்று. இருந்தாலும் சொல்கிறேன்.) எங்கள் வீட்டுக்கு வருகிற இருபது லிட்டர் தண்ணீர் கேனில் நிரப்பிய தேதியும் இல்லை, நிரப்பியவர் பெயரும் இல்லை, வெறும் நீல பிளாஸ்டிக்தான் என்பதைக் கவனித்து, கேன் போடும் தம்பியிடம் விசாரித்தேன்.

"எனக்கு என்னா சார் தெரியும்? கடைலேருந்து எடுத்தாறேன்."

கடைக்காரரிடம் போனேன். "லோடு வண்டிக்காரன் எறக்கிட்டுப் போறாம்பா, அவனத்தான் கேக்கணும்" என்றார். வண்டிக்காரர் ஏஜென்ட்டைக் காட்டினார். ஏஜென்ட் கம்பெனியைக் காட்டினார். கம்பெனியின் முகவரியை எங்கே தேடுவது, கேனில்தான் பெயரே இல்லையே! சரி, குறைந்தபட்சம் ஒரு பில்லாவது கொடுங்கள் என்று கடையில் கேட்டபோது, "தண்ணிக் கேனுக்குப் பில்லா?" என்று அவர் மெய்யாகவே வியந்தார். பில் கொடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை என்று நான் சொன்னது அவருக்குப் புதிய செய்தி. மனு எழுதலாமா, நேரில் போகலாமா என்றெல்லாம் யோசித்துவிட்டு, கடைசியில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். தமிழிலேயே பேசினார்கள், புகாருக்கு ஒரு பதிவு எண் தந்தார்கள். அதன் பலனோ, தினந்தோறும் நான் கொடுத்த தொந்தரவின் பலனோ அறியேன், சில வாரங்களில் தேதியும் முகவரியும் ஒட்டிய கேன்கள் எங்கள் தெருவுக்கு வரத் தொடங்கின. பில்லும் வருகிறது.

அதில் ஈடுபட்ட ஒருவரும் துஷ்டர் அல்லர். எல்லோரும் உழைத்துப் பிழைக்கிறவர்கள். ஆனால் ஒவ்வொருவரும் தமக்கு மேலே இருக்கிறவரைச் சுட்டிக் காட்டிக்கொண்டே போக, உச்சியில் பார்த்தால் அங்கே ஆளே இல்லை. பொருளின் பொறுப்பு கைமாறக் கைமாறக் கரைந்துபோகிறது. தண்ணீரில் இது நேர்ந்தால் நமக்குக் கோபம் வருகிறது. மெத்தனாலில் நேர்ந்தால் சாவு வருகிறது.

மரக்காணத்து உப்பையே எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கென்று விற்கும் உப்பில் அயோடின் கலந்திருக்க வேண்டும் என்பது சட்டம்; கடையில் நம் கைக்கு வரும்போது பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையாமல் அது இருக்க வேண்டும். ஒரு கிலோ பாக்கெட்டின்மேல் தயாரித்தவர் அல்லது அடைத்தவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், வருஷம், எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, குறை சொல்ல வேண்டிய தொலைபேசி எண் இத்தனையும் அச்சாகியிருக்க வேண்டும் என்று எடையளவுச் சட்டத்தின் விதிகள் விதிக்கின்றன. நல்ல விதிகள், நான் மனமார ஆதரிக்கிறேன். உப்பைக் கூட்டித் தின்றால் என்ன ஆகிவிடும்? கரிக்கும். அதற்கே இவ்வளவு ஜாக்கிரதை காட்டுகிற ஒரு ராஜ்யத்தில், நூறு பேரைக் கொல்லக்கூடிய திரவம் பேரல் பேரலாக நகரும்போது, யார் வாங்கினார், எந்தத் தொழிலுக்கு வாங்கினார், அந்தத் தொழில் உண்மையிலேயே நடக்கிறதா, வாங்கிய அளவும் செலவான அளவும் ஒத்துப்போகின்றனவா என்ற கேள்விகளை விற்பவர் கேட்டே தீர வேண்டும் அல்லவா?

சட்டம் இல்லாமல் இல்லை. விஷப்பொருள்களை விற்போருக்கு உரிமம் வேண்டும் என்றும், யாருக்கு விற்கலாம், எவ்வளவு விற்கலாம், எந்த ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றும் விதி செய்ய மாநில அரசுகளுக்கு 1919-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. மெத்தில் ஆல்கஹாலின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய விதிகள் 1959-இல் நம் மாநிலத்தில் ஏற்பட்டன. திராவக வீச்சுக்கு ஆளான லட்சுமி என்ற பெண் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் இட்ட கட்டளையை நினைத்துப் பாருங்கள்: வாங்குபவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை, வாங்கும் காரணம், வாங்கும் அளவு ஆகியவற்றை ஏட்டில் குறிக்காமல் யாரும் திராவகத்தைச் சில்லறையில் விற்கக் கூடாது, கையிருப்பை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும், மீறினால் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஒரு பாட்டில் திராவகத்துக்கு வேண்டிய ஏடு, ஒரு பேரல் மெத்தனாலுக்கு அதைவிடப் பலமடங்கு கண்டிப்புடன் வேண்டும். அந்த ஏடு அலமாரியில் இருந்தால் போதாது. அதிகாரி மாதந்தோறும் திறந்து பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார், அதுவும் நியாயமான குறுக்கீடுதான். "சாராயம் விற்பதே சட்டவிரோதம். சட்டவிரோதமாக வாங்கினவன் நுகர்வோர் ஆவானா? அவன் போய்க் கன்ஸ்யூமர் கோர்ட்டில் நிற்க முடியுமா?"

நிற்பது சிரமந்தான். சட்டத்துக்கு முரணான நோக்கமுள்ள ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. கள்ளச் சரக்கு வாங்கியவர் பில்லும் கையுமாக ஆணையத்தின் முன் போகப் போவதில்லை. ஆனால் ஐயா, நான் கேட்பது அந்தக் குப்பத்தில் நடந்த கடைசி விற்பனையைப் பற்றி மட்டும் அன்று. பேரல் முதன்முதலில் கைமாறிய இடம் கடற்கரை இருட்டன்று. கணக்கும் வரியும் உரிமமும் உள்ள, பட்டப்பகலில் நடக்கிற தொழில் உலகம் அது. அங்கே நேர்மை இருந்திருந்தால் இங்கே சவம் விழுந்திராது. மேலும், திருடனுக்கு விஷம் கொடுத்தாலும் கொலை கொலைதானே? குடித்தது பிழை என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பிழைக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் மரண தண்டனை இல்லை. கேரளத்தில் 2000-ஆம் ஆண்டு கல்லுவாதுக்கலில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 31 பேர் மாண்டபோது, அதன் முக்கியக் குற்றவாளிக்கு விதித்த ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. செத்தவர்கள் குடிகாரர்கள் என்பதற்காகத் தண்டனையில் தள்ளுபடி எதுவும் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில், இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். 20 பேருக்கும் மேல். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ஆலை ரசாயனம் அதில் 48.6 சதவீதம் இருந்தது. ஆலையின் உரிமம் ரத்தாயிற்று, உரிமையாளர் கைதானார். அப்போது நாம் யாராவது, அந்தப் பிள்ளைகளின் தாய்மார் ஏன் பார்த்து வாங்கவில்லை என்று கேட்டோமா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்மை மனிதர் என்றே எவரும் மதித்திருக்க மாட்டார். விற்றவன் யார், சோதித்தவன் யார், உரிமம் தந்தவன் யார் என்றுதான் தேசமே கேட்டது. அதுதான் சரியான கேள்வி. ஆலைக்கென்று செய்த ரசாயனம் மனிதர் வயிற்றுக்குள் போனது அங்கும் இங்கும் ஒன்றுதான். இறந்தவர் குழந்தை என்றால் ஒரு கேள்வி, கூலிக்காரர் என்றால் வேறு கேள்வி என்பது தர்மமா?

இப்போது பத்து லட்சத்துக்கு வருவோம். 2022 டிசம்பரில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் விஷச்சாராயத்தால் ஏராளமானோர் இறந்தபோது, குடித்தால் சாகத்தான் வேண்டும் என்ற பொருளில் அன்றைய முதலமைச்சர் நிதிஷ் குமார் பேசினார். நஷ்டஈடு கிடையாது என்றும் சொன்னார். நான்கே மாதங்களில், 2023 ஏப்ரலில், அவரே இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் அறிவித்தார். ஏன் மாறினார் என்பதைவிட, அவர்களுடைய 2016-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தில் இருக்கும் ஓர் ஏற்பாடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: தயாரித்தவரும் விற்றவரும் இறந்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர் உத்தரவிடலாம். சாராயத்தால் வந்த லாபத்திலிருந்து சாவுக்கு ஈடு.

என் உறவினரின் வரிப்பணக் கவலைக்கு இதுதான் பரிகாரம் என்பது என் அபிப்பிராயம். பிணம் வீட்டில் கிடக்கையில், அடுத்த வேளைக்கு அரிசி இல்லாத விதவையிடம், "வழக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சொல்ல முடியாது. எனவே அரசாங்கம் முதலில் கொடுத்தது முற்றிலும் நியாயம். கொடுத்த தொகையைப் பின்பு, வழக்கில் குற்றம் நிரூபணமான ஒவ்வொரு கண்ணியிடமிருந்தும், ஆலை, இடைத்தரகன், விற்றவன் என்று அவரவர் ஆதாயத்துக்கும் அறிவுக்கும் தக்கபடி, சொத்தைப் பறிமுதல் செய்தாவது வசூலிக்க வேண்டும். தொகை கூடுதலா குறைவா என்று வாதாடுகிறோமே ஒழிய, யாரிடமிருந்து வசூலிப்பது என்று வாதாடுவதில்லை.

எக்கியார்குப்பத்துக்குப் பிறகு பாடம் கற்றோமா? 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால் 60 பேருக்கும் மேல் கொன்றது. ஓராண்டும் ஒரு மாதமுந்தான் இடைவெளி. அதன் பின்னர், அந்த ஜூன் மாதக் கடைசியிலேயே, 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தைச் சட்டமன்றம் திருத்தியது. கள்ளச்சாராயத்தால் மரணம் நேர்ந்தால் விற்றவருக்கு ஆயுள் வரை கடுங்காவல், 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று தண்டனை கடுமையாயிற்று. தண்டனை வேண்டியதுதான். ஆனால் தண்டனை சவம் விழுந்த பிறகு வருவது; ஏடு அதற்கு முன்னால் வருவது. எனக்கு ஏட்டின்மீதுதான் நம்பிக்கை அதிகம்.

ஆகையால் ரசாயன வியாபாரம் செய்கிறவர்களில் யாராவது இதைப் படித்தால், அவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். வழக்கத்துக்கு மாறாக ஒருவர் மெத்தனால் கேட்டு வந்தால், அவருடைய தொழிற்கூடத்தை நேரில் போய்ப் பாருங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் விற்காதீர்கள், காவல்துறைக்குச் சொல்லுங்கள். ஒரு விற்பனையின் லாபம் போனால் போகட்டும். அதிகாரிகளிடம் நான் கேட்பது, உங்கள் மாவட்டத்தில் எத்தனை லிட்டர் மெத்தனால் வந்தது, எத்தனை லிட்டர் செலவாயிற்று என்ற கணக்கை ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள் என்பதுதான்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், வாசகர்களே. எதை வாங்கினாலும் பில் கேளுங்கள், பெயர் இல்லாத பொருளை வீட்டுக்குள் விடாதீர்கள், மறுத்தால் 1915-ஐக் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான கிரயத்துக்குப் புகார்க் கட்டணம் கிடையாது; நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம்; காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் செய்துவிட வேண்டும். அடுத்த பந்தியில் யாராவது எக்கியார்குப்பத்தைப் பற்றி அந்தப் பழைய கேள்வியை எடுத்தால், சண்டை போடாதீர்கள். பேரலை விற்றவர் யார் என்று மட்டும் அவரைக் கேளுங்கள்.